தோனிய இன்னும் பதினோரு பேருல ஆட வைக்கணுமா? நெல்லைக்காரவ வந்து பேசுங்க

தாழையூத்துக்காரன்:
2025 டிசம்பர் ஐபிஎல் ஏலமும் முடிஞ்சி போச்சு, நம்ம சிஎஸ்கேக்கு (சென்னை சூப்பர் கிங்ஸ்) சஞ்சு சாம்சன் வந்தாச்சு, ஜடேஜா போயாச்சு, ஆனா இந்தக் கேள்விய மட்டும் யாரும் வாயத் தொறந்து கேக்க மாட்டேங்காவ, அதான் நான் கேக்கேன். 2026 சீசன்ல தோனி பதினோரு பேருல ஒருத்தரா கீப்பிங் கிளவுஸ் போட்டு எறங்கணுமா? வேண்டாம்னு சொல்லுதேன். 2008ல இருந்து மஞ்ச சட்டதான் நமக்கு, அந்த மனுசன் மேல உள்ள பிரியத்துலதான் சொல்லுதேன், அத மொதல்லயே சொல்லிருதேன்.

போன 2025 சீசன எடுத்துக்கிடுங்க. 14 மேட்ச், 4 ஜெயிப்பு, பாயிண்ட்ஸ் டேபிள்ல கடைசி எடம், சிஎஸ்கே வரலாத்துலயே மொத தடவ. மார்ச் 28 சேப்பாக்கம் மேட்ச்ச நெனச்சா இன்னும் வயிறு எரியுது, ஆர்சிபிக்காரன் (பெங்களூரு டீமு) 196 அடிச்சிட்டான், நம்மாளுவ வரிசையா அவுட்டாகுதானுவ, அஸ்வின் வாராரு, அதுக்கும் பொறவுதான் ஒம்பதாவது ஆளா தோனி வாராரு. 16 பந்துல 30 அடிச்சாரு, இல்லங்கல, ஆனா அப்ப மேட்ச் எப்பவோ முடிஞ்சிட்டு. 50 ரன்னுல தோத்தோம், 2008க்குப் பொறவு ஆர்சிபி நம்ம எடத்துல வந்து ஜெயிச்சிட்டுப் போறான். ரெண்டு நாள் கழிச்சி நம்ம கோச் பிளெமிங்கே சொல்லுதாரு, முட்டி முன்ன மாதிரி இல்ல, பத்து ஓவர் முழுசா ஓடி ஆட முடியாதுன்னு. சரி, பத்து ஓவர் பேட்டிங் ஓட முடியாதவர 20 ஓவர் உக்காந்து எந்திரிச்சி கீப்பிங் செய்ய வைக்கோமே, அது எந்த ஊரு நியாயம்? 2023 பைனல் முடிஞ்ச கையோட ஆபரேசன் செஞ்ச முட்டி அது.

4 கோடி சம்பளத்தப் பத்தி நான் பேசல, அது காசே இல்ல. எடத்தப் பத்திப் பேசுதேன். 18 கோடி கீப்பர் சஞ்சு இருக்காரு. 14.20 கோடி குடுத்து கார்த்திக் சர்மான்னு 19 வயசுப் பையன எடுத்திருக்கோம், அவனும் கீப்பர் பேட்ஸ்மேன்தான். ரெண்டு பேரயும் வச்சிக்கிட்டு 44 வயசு ஆளுக்கு கிளவுஸ குடுத்தா அந்தப் பையன் பெஞ்சுல உக்காந்து என்னத்தப் படிப்பான்?

வள்ளியூர்_கீப்பர்:
தாழையூத்து, நீரு எப்பமாவது கீப்பிங் நின்னிருக்கீரா? நான் பள்ளிக்கூடத்துல இருந்து இன்னைக்கி வரைக்கும் ஸ்டம்புக்குப் பின்னாலதான் நிக்கேன், அதனால சொல்லுதேன், நீரு சொல்லுதது ஸ்கோர்கார்டு பாத்துச் சொல்லுத கத.

அதே 2025ல மொத மேட்ச், மும்பைகூட, சூர்யகுமார நூர் அகமது பந்துல ஸ்டம்பிங் செஞ்சாரு, 0.12 செகண்டுன்னு போட்டான் டிவில. நூர் பந்து உள்ள வருமா வெளிய போகுமான்னு ஆடுதவனுக்கே தெரியாது, அத எடுத்து ஸ்டம்பு மேல உள்ள பெயில்ஸ தட்டணும், 43 வயசுல. ஐபிஎல்ல கீப்பரா 200 பேர மொதல்ல அவுட்டாக்குனதும் அவருதான், அதுவும் அதே சீசன்தான், லக்னோ மேட்ச்ல. நூர் அந்த சீசன்ல 24 விக்கெட் எடுத்தான், டீமு கடைசி எடம், ஆனா அவன் மட்டும் 24. பின்னால நின்னு லெங்த்த சொல்லிக் குடுத்தது யாரு? ஒரு ஸ்பின்னருக்கு கீப்பர்தான் கண்ணு.

2021ல அவரு மொத்த சீசனுக்கும் 114 ரன்னு, ஸ்ட்ரைக் ரேட் (நூறு பந்துக்கு எத்தன ரன்னுங்கற கணக்கு) 106. நீரு சொல்லுத கணக்குப்படி அப்பவே வீட்டுக்கு அனுப்பிருக்கணும். கப் அடிச்சோமா இல்லியா? 2023 பைனல்ல பேட்டிங்ல மொத பந்துலயே அவுட்டு, ஆனா சுப்மன் கில்ல ஸ்டம்பிங் எடுத்தாரே ஜடேஜா பந்துல, அந்த கில் நின்னிருந்தா 214ல நிறுத்திருக்க முடியுமா அவனுவள?

தாழையூத்துக்காரன்:
வள்ளியூர், 2021ல மேல ஆடுனது யாருன்னு பாத்தீரா? ருதுராஜ் 635, டு பிளெஸ்ஸி 633. ரெண்டே பேரு 1268 ரன்னு. 2023ல கான்வே 672, ருதுராஜ் 590. மேல உள்ளவனுவ அப்படி அடிக்கும்போது கீழ ஒரு எடம் சும்மா இருந்தாலும் தெரியாது. 2025ல நம்ம டீமுல அதிக ரன்னு துபே, அதுவும் 357தான். மேல கூரையே இல்ல, அப்பம் கீழ ஒருத்தர வெறும் கீப்பிங்குக்குன்னு வச்சித் தாங்க முடியுமா? காலம் மாறிட்டுவே.

பாளை_மார்க்கெட்:
கூட்டம் எதுக்கு வருது? அந்த ஒத்த ஆளப் பாக்கதான வருது. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா தூங்காம போயி, மெட்ராஸ்ல எறங்கி, குளிச்சும் குளிக்காம சேப்பாக்கம் போறானே நம்மூர்ப் பயலுவ, எதுக்குங்க? அவரு பேட்டத் தூக்கிட்டு படி எறங்கி வாரத பாக்கணும். அம்புட்டுதான். அந்த சந்தோசத்துக்கு ஒரு வெல இருக்கா இல்லியா, அதயும் கணக்குல சேருங்க.

அம்பை_டீச்சர்:
பாளை அண்ணாச்சி, அந்த சந்தோசத்துக்கு டீமுல உள்ள மத்த பிள்ளைக என்ன வெல குடுக்குதுங்கன்னு நான் சொல்லுதேன். நான் பி.டி. டீச்சர், பொம்பளப் பிள்ளைங்களுக்கு கிரிக்கெட் சொல்லிக் குடுக்கேன், அந்தக் கண்ணுலதான் நான் எதயும் பாப்பேன்.

நம்ம சொந்த கிரவுண்டுல, நம்ம டீம் பேட்ஸ்மேன் அவுட்டான உடனே ஸ்டேடியமே எந்திரிச்சி நின்னு கத்துது, ஏன்னா அடுத்து தோனி வாராரு. ஜடேஜாவே 2023ல மேட்ச் முடிஞ்சி பேசும்போது சொன்னாரு, நான் மேல போயி ஆடுனா கூட்டம் என் விக்கெட்டுக்குதான் காத்திருக்குன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, ஆனா ஒரு பிள்ளையோட மனசு அது தாங்குமா? ஜடேஜா மாதிரி உலகம் பாத்த ஆளே அதச் சொல்லுதாருன்னா 18 வயசு ஆயுஷ் மாத்ரேக்கும் இந்தக் கார்த்திக் சர்மாக்கும் எப்படி இருக்கும். நான் அவுட்டாகணும்னு என் வீட்டுக்காரவளே வேண்டுதாவ-ங்கற எண்ணத்தோட ஒரு பிள்ள கிரீஸ்ல நிக்கக் கூடாது. இத நான் தோனிய கொற சொல்லி எழுதல. அவரு வேணாம்னு சொல்லியும் கூட்டம் நிறுத்தாது, கூட்டம் நாமதான்.

ஏர்வாடி_துபாய்:
ஸலாம் எல்லாத்துக்கும். டூட்டி முடிஞ்சி ரூமுக்கு வந்து இதத்தான் வாசிச்சிட்டு இருக்கேன். ரெண்டு தரப்பும் பாக்காத ஒண்ணு இருக்கு, பந்து கணக்கு.

2023: 57 பந்து ஆடுனாரு, 104 ரன்னு, ஸ்ட்ரைக் ரேட் 182.
2024: 73 பந்து, 161 ரன்னு, 220.
2025: 145 பந்து, 196 ரன்னு, 135.

பாத்தியளா? ஒரு எறக்கத்துக்கு அஞ்சு ஆறு ஏழு பந்துன்னு ஆடும்போது அவரு இன்னும் ராஜா. 2024ல மும்பைகூட வான்கடேல ஹர்திக் ஓவருல தொடர்ந்து மூணு சிக்ஸ், 4 பந்துல 20, அந்த 20 ரன்னுலதான் மேட்சே ஜெயிச்சோம். அதே ஆள பதினோராவது ஓவர்ல எறக்கி விட்டா என்ன ஆச்சு? ஏப்ரல் 5 டெல்லி மேட்ச், 184 சேஸ், விஜய் சங்கர் (நம்ம திருநெல்வேலில பொறந்தவரு) 54 பந்துல 69, தோனி 26 பந்துல 30, ரெண்டு பேரும் நாட் அவுட்டு, 25 ரன்னுல தோல்வி. தோனியோட அப்பா அம்மா வேற அன்னைக்கி ஸ்டேடியத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தாவ. என்னால டிவிய பாக்க முடியல, எந்திரிச்சி வெளிய போயிட்டேன்.

தப்பு ஆள் மேல இல்ல, வேலய மாத்திக் குடுத்ததுலதான். ஆறு பந்துக்காரருக்கு பத்து ஓவர் வேல குடுத்தா அவரும் கெட்டாரு, டீமும் கெட்டுது. ஏன் குடுத்தாவன்னா மேல உள்ளவனுவ அஞ்சு விக்கெட்ட பத்து ஓவருல தூக்கிக் குடுத்துட்டானுவ, வேற ஆளு இல்ல. அப்பம் 2026ல மேல மாத்ரே, ருதுராஜ், சஞ்சு, பிரேவிஸ், துபேன்னு இருந்தா திரும்ப அந்த ஆறு பந்து வேல அவருக்குக் கெடைக்குமா? கெடைக்கும்னு நான் நம்புதேன்.

கல்லிடை:
இந்தப் பேச்சுல ஊரு ஞாபகத்த ஒண்ணு சொல்லணும். சிஎஸ்கேன்னா மெட்ராஸ்காரன் டீமுன்னு சொல்லுதானுவ. இந்தியா சிமெண்ட்ஸ் 1946ல ஆரம்பிச்சது எங்க கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயரு, மொத ஆல 1949ல ஓட ஆரம்பிச்சது நம்ம தாழையூத்துல, சங்கர் நகர்ல. அந்தக் கம்பெனிதான் 2008ல டீம வாங்குச்சி. டீமு பொறவு தனிக் கம்பெனி ஆயிட்டு, இப்பம் சிமெண்டு ஆலயும் அல்ட்ராடெக் கைக்குப் போயாச்சு, அது வேற கத. ஆனா அந்தச் சுண்ணாம்புக்கல்லு தூசியில இருந்து வந்த டீமு இது, நமக்கு இதுல பேச உரிம இருக்கு.

நான் கேக்கது இதான். சிஎஸ்கேன்னா விசுவாசம் விசுவாசம்னு சொல்லுதோம். ரெய்னாவுக்கு 2022 ஏலத்துல கைய தூக்குனாவளா? தூக்கல. எத்தன சீசன் அந்த மனுசன் ஒத்த மேட்ச் விடாம ஆடிக் குடுத்தாரு, பேரே மிஸ்டர் ஐபிஎல், ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியேன்னு எனக்கு இன்னும் ஆறல. ஜடேஜா 2023 பைனல்ல கடைசி ரெண்டு பந்துல 10 ரன்னு அடிச்சி கப்ப வாங்கிக் குடுத்தாரு, இப்பம் ராஜஸ்தானுக்கு மாத்தி விட்டாச்சு. அப்பம் ஆட்டம் கொறஞ்சா அனுப்பணும்ங்கற சட்டம் அவுகளுக்கு உண்டு, தோனிக்குக் கிடையாதா? எல்லாருக்கும் ஒரே சட்டம் போடுங்க, நான் ஏத்துக்கிடுதேன். இல்ல தோனி வேறன்னா அதயும் வெளிப்படயா சொல்லணும்.

வள்ளியூர்_கீப்பர்:
தோனி வேறதான், நான் வெளிப்படயாவே சொல்லுதேன். 5 கப், 2010, 2011, 2018, 2021, 2023, அஞ்சும் அவரு கேப்டன்சில. ரெண்டு வருசம் டீமே இல்லாம கெடந்து 2018ல வயசானவனுவ டீமுன்னு எல்லாரும் சொன்னப்போ அவரே 455 ரன்னு அடிச்சி கப்பத் தூக்குனாரு. இத ரெய்னாகூட வேறன்னுதான் சொல்லுவாரு.

நெல்லைடவுன்_அண்ணாச்சி:
தம்பிகளா நான் வயசானவன், கொஞ்சம் பொறுமயா கேளுங்க. ஆனித் திருவிழால நெல்லையப்பர் தேர இழுக்கது ஆயிரக்கணக்குல ஆளு. ஆனா சக்கரத்துக்கு அடியில சறுக்குக்கட்ட போடுதவரு சில பேருதான். ரதவீதி முக்குல தேரு திரும்பணும்னா வடம் பிடிக்கவன் கையில ஒண்ணும் இல்ல, கட்ட போடுதவரு கண்ணுலயும் கையிலயும்தான் இருக்கு. அவருக்கு நர விழுந்திருக்கும், ஆனா எந்த எடத்துல எப்பம் கட்டய வைக்கணும்னு அவருக்குத்தான் தெரியும். தோனி இப்பம் வடம் இழுக்கத் தேவயில்ல, கட்ட போடட்டும். அதுக்கு அவரு தேர்கிட்ட நிக்கணும், வீட்டுல இருந்து போடமுடியாது.

தாழையூத்துக்காரன்:
அண்ணாச்சி சொன்னது மனசுல தைக்குது. ஆனா என் கேள்வி அங்கதான் தொடங்குது, கட்ட போடுததுக்கு பதினோரு பேருல ஒரு எடம் வேணுமா, இல்ல டக்அவுட்ல ஒரு நாற்காலி போதுமா?

கடையம்_டு_மிசூரி:
வணக்கம், நான் கடையம், இப்பம் அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல இருக்கேன். இங்க நாலு பேரு உக்காந்தா பேஸ்பால் பேச்சுதான், நானும் பழகிட்டேன். நீங்க கேக்குத இதே கேள்விய இந்த ஊரு 2022ல கேட்டுது, அதச் சொல்லணும்னுதான் லாகின் பண்ணேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கிடுங்க.

ஆல்பர்ட் புஹோல்ஸ்னு ஒரு ஆளு. 2001ல இருந்து 2011 வரைக்கும் இந்த ஊரு கார்டினல்ஸ் டீமுல ஆடி ரெண்டு உலகக் கோப்ப மாதிரியான வேர்ல்டு சீரிஸ் வாங்கிக் குடுத்தவரு. பெறவு ஏஞ்சல்ஸ் டீமு பெரிய காசு குடுத்து பத்து வருசத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். 2021 மே மாசம் அவனுவளே பாதி சீசன்ல வெளிய விட்டுட்டானுவ. முட்டியும் பாதமும் போயி ஓட முடியல. 2022ல 42 வயசுல, வெறும் 25 லட்சம் டாலருக்கு, கார்டினல்ஸ் திரும்பக் கூப்புட்டுது. இதுதான் கடைசி வருசம்னு மொதல்லயே சொல்லியாச்சு. டிக்கெட் விக்கதான் கூப்புட்டானுவன்னு ஊருல பாதிப் பேரு சொன்னாவ.

இப்பம் முக்கியமான எடம். பேஸ்பால்ல டெசிக்னேட்டட் ஹிட்டர்னு ஒருத்தர் உண்டு, அவரு பீல்டிங்கே எறங்க மாட்டாரு, பிட்ச்சருக்கு (பந்து எறியுதவரு) பதிலா பேட்டிங் மட்டும் செய்வாரு. ரெண்டு லீக்ல ஒண்ணுலதான் அந்த ரூல் இருந்துது, 2022லதான் கார்டினல்ஸ் இருக்க நேஷனல் லீக்குக்கும் நிரந்தரமா வந்துது. அந்த ரூல் வந்ததாலதான் புஹோல்ஸ கூப்புடவே முடிஞ்சுது. அதுலயும் மேனேஜர் தெனமும் எறக்கல, பெரும்பாலும் எடதுகை பிட்ச்சர் வந்தா மட்டும். ஜூலை பாதி வரைக்கும் 6 ஹோம்ரன் (நம்ம சிக்ஸ் மாதிரி), ஆவரேஜ் .215 (ஆயிரம் தடவ ஆடுனா 215 தடவதான் ஹிட்டு), எல்லாரும் முடிஞ்சிட்டுன்னாவ. சீசன் முடியும்போது 24 ஹோம்ரன், ஆவரேஜ் .270, வாழ்நாள் கணக்கு 703. 700 தாண்டுனவங்க அந்த வெளயாட்டு வரலாத்துலயே நாலே பேருதான். டீமும் டிவிசன (லீக்குல ஒரு பிரிவு) ஜெயிச்சுது. 699ம் 700ம் ஒரே ராத்திரில லாஸ் ஏஞ்சல்ஸ்ல அடிச்சாரு, இந்த ஊரு பூரா முழிச்சி கெடந்துது, நானும்தான்.

எதிர்ப்பக்கத்தயும் சொல்லணும்லா. டெட்ராய்ட் டைகர்ஸ்ல மிகேல் கப்ரேரா. 2014ல 8 வருசம் நீட்டிச்சி 248 மில்லியன் டாலர் எழுதிக் குடுத்தானுவ, 40 வயசு வரைக்கும். கடைசி ரெண்டு சீசன்ல ஹோம்ரன் அஞ்சு, நாலு. ஆளு மேல மரியாத கொறயல, ஆனா 2014க்குப் பொறவு அந்த ஒப்பந்தம் முடியுத வரைக்கும் டீமு ஒருக்கா கூட பிளே-ஆப் போகல. அதுக்கு அவரு ஒருத்தரே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த எடமும் காசும் கட்டிப் போட்ட மாதிரி கெடந்துது.

நான் சொல்ல வாரது, புஹோல்ஸ் கத ஏன் நல்லா முடிஞ்சுதுன்னா மூணு விசயத்த சீசனுக்கு முன்னமே பேசி முடிச்சாவ: இது கடைசி வருசம், பெரும்பாலும் பீல்டிங் கிடையாது, எந்த பிட்ச்சர் வந்தா ஆடணும். நம்ம டீமுல தோனி விசயத்துல இந்த மூணயும் யாரும் பேசலியே. வருசா வருசம் ஆறு எட்டு மாசம் டைம் இருக்கு பாப்போம்னுதான் போகுது.

ஏர்வாடி_துபாய்:
கடையம் அண்ணே, நல்லா எழுதினிய. நமக்கு அந்த ரூல் இல்லன்னு யாரு சொன்னா? 2023ல இருந்து இம்பாக்ட் பிளேயர் இருக்கே, 2027 வரைக்கும் இருக்கும்னு அறிவிச்சாச்சு. டாஸ் போடும்போது பதினோரு பேரு, கூட அஞ்சு பேரு லிஸ்ட்டு, அதுல ஒருத்தர உள்ள எறக்கலாம், வெளிய போனவரு திரும்ப வர முடியாது. மொத பேட்டிங்னா தோனி பதினோரு பேருல ஆடிட்டு பீல்டிங்குக்கு ஒரு பவுலர் வந்துருவாரு. சேஸ்னா பவுலர் போட்டு முடிச்சிட்டு தோனி வருவாரு. முட்டிக்கு 20 ஓவர் உக்காந்து எந்திரிக்குத வேல இல்ல.

இத்தன வருசமா முடியாததுக்கு காரணம் அவருதான் கீப்பரு. கிளவுஸ வேற ஆள்கிட்ட குடுக்க ஆள் இல்ல. இப்பம் சஞ்சு வந்துட்டாருல்லா.

தாழையூத்துக்காரன்:
சரிதான், ஆனா ஒரு முடிச்சு இருக்கு. இம்பாக்ட் எடத்துல நாம மூணு வருசமா ஆட வைக்கது துபேவ. ரெண்டு பேரயும் எறக்க முடியாது. ஆறு பந்துக்காக துபேவோட எடத்த மாத்துவீரா?

ஏர்வாடி_துபாய்:
துபே பந்து போடுவாரு. நம்ம டீமுதான் அவரு கையில பந்தக் குடுக்க மாட்டேங்கி. 2025 செப்டம்பர் 28 ஆசிய கப் பைனல், பாகிஸ்தான்கூட, இங்க துபாய்லதான் நடந்துது, ஹர்திக் இல்லன்னு மொத ஓவரே துபே போட்டாரு. இந்தியாவுக்கு பைனல்ல புதுப் பந்து போடுதவரு சேப்பாக்கத்துல ரெண்டு ஓவர் போட மாட்டாரா? அவர முழு ஆல்ரவுண்டரா பதினோரு பேருல போட்டா இம்பாக்ட் எடம் காலி. முடிச்சு அவுந்துட்டு.

வள்ளியூர்_கீப்பர்:
நீங்க எல்லாரும் சேந்து அவர டக்அவுட்ல உக்கார வச்சிட்டிய. தோனின்னா பேட்டிங் இல்லவே, ஸ்டம்புக்குப் பின்னால இருந்து வார கொரல். பீல்டர ரெண்டு அடி நகத்துவாரு, அடுத்த பந்து அங்கயே கேட்ச்சு போகும். அந்த லக்னோ மேட்ச்ல, ஒரு கேட்ச், ஒரு ஸ்டம்பிங், நான்-ஸ்ட்ரைக்கர் பக்கத்துக்கு மேல தூக்கி எறிஞ்சி ஒரு ரன்அவுட், பொறவு 11 பந்துல 26 நாட் அவுட்டு, ஆட்ட நாயகன். கீப்பிங்க எடுத்துட்டீயன்னா பாதி தோனிதான் மிச்சம். அதுக்கு அவர ஆட வைக்காமலே இருக்கலாம், அதுதான் மரியாத.

அம்பை_டீச்சர்:
தம்பி, கொரல் முக்கியம்தான், ஆனா யாரு கொரல்? ருதுராஜ் கேப்டன். 2024ல குடுத்தாச்சு, 2025ல அஞ்சு மேட்ச்சோட முழங்கை உடஞ்சி வெளிய போனாரு, திரும்ப தோனியே. 2022ல ஜடேஜாகிட்ட குடுத்து பாதியிலயே திரும்ப வாங்குனாவ. ஒரு பிள்ளைக்கு சாவியக் குடுத்துட்டு அம்மா கூடவே நின்னு அடுப்பப் பாத்துட்டு இருந்தா அது எப்பம் சமைக்கப் படிக்கும்னு நான் கேக்கேன். கேப்டன் லாங்-ஆன்ல நிப்பான், பவுலரு கீப்பரப் பாப்பான். இத மேட்ச்சுக்கு மேட்ச் பாக்கேன். ருதுராஜ் நல்ல பையன், எதுத்துப் பேச மாட்டான், அதனாலயே எனக்குக் கவல.

கல்லிடை:
டீச்சர் சொன்னதுதான் என் நெஞ்சுல இருந்ததும். ஆனா டீச்சர், நம்ம பயலுவளயும் சொல்லணும். சங்கர் நகர் கிரவுண்டுல டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) மேட்ச் நடக்கும்போது நான் போவேன், தோனி அந்தப் பக்கமே இல்ல, ஆனா மஞ்ச சட்ட 7ம் நம்பர் எங்க பாத்தாலும் இருக்கும். நெல்லை ராயல் கிங்ஸ் 2023ல பைனல் வந்துது, நம்ம ஊரு கிரவுண்டுலயே, அன்னைக்கி ஆடுன பயலுவ பேரு இங்க எத்தன பேருக்குத் தெரியும்? ஒத்த ஆளு மேல கண்ண வச்சி மத்தவனுவள பாக்காமப் போறது நல்லதில்ல.

பாளை_மார்க்கெட்:
அதுக்கு தோனி என்ன செய்வாரு அண்ணே. கண்ணு நம்ம கண்ணு. ஆனா நீங்க சொல்லுதது புரியுது.

கடையம்_டு_மிசூரி:
வள்ளியூர் தம்பி கேட்டதுக்கு இன்னொரு ஆளப் பத்தி சொல்லுதேன். இச்சிரோ, ஜப்பான்காரரு, சியாட்டில் மரினர்ஸ். 2018ல 44 வயசுல, இப்பம் தோனி வயசுதான், பழைய டீமுக்கே திரும்ப வந்தாரு. 15 மேட்ச், ஆவரேஜ் .205. மே மாசம் டீமு ஒரு முடிவு எடுத்துது: ஓய்வுன்னு சொல்லல, வெளிய அனுப்பல, சேர்மனுக்கு ஸ்பெஷல் அசிஸ்டென்ட்னு ஒரு பொறுப்பு. தெனமும் டீம்கூட வருவாரு, யூனிபார்ம் போட்டு பயிற்சி செய்வாரு, பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பாரு, மேட்ச்ல மட்டும் எறங்க மாட்டாரு. அவரு எடத்துல வேற ஆளு ஆடுனான். அடுத்த வருசம் மார்ச்ல டோக்கியோவுல ரெண்டு மேட்ச், அவரோட சொந்த நாட்டு ஜனத்துக்கு முன்னால, 45 வயசுல, எறக்கி விட்டாவ. ரெண்டாவது மேட்ச்ல பாதியில அவர வெளிய கூப்புடும்போது டீமு பூரா அவர கட்டிப் பிடிச்சிது. 2025ல ஹால் ஆப் பேம் (பேஸ்பால்ல பெரிய ஆட்டக்காரவளுக்குக் குடுக்குத கௌரவம்) ஓட்டுல 394ல 393 அவருக்கு.

கொரல் வேணும், கட்ட போடுதவரு வேணும், ஆனா எடம் பையனுக்குப் போகணும்னா இப்படி ஒரு வழி இருக்கு. தோனிக்கு சேப்பாக்கத்துல அப்படி ஒரு மேட்ச் குடுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆச. 2020ல இந்தியாவுக்கு ஆடுதத ஆகஸ்ட் 15 ராத்திரி இன்ஸ்டாகிராம்ல ஒரு வீடியோ போட்டு முடிச்சிட்டாரு. வழியனுப்ப ஒரு மைதானம் கெடைக்கல. ஜனங்களுக்கு அந்தக் கொற இன்னும் இருக்கு.

நெல்லைடவுன்_அண்ணாச்சி:
இந்தக் கொற எனக்கும் உண்டு. அன்னைக்கி ராத்திரி பேரன் போன கொண்டுவந்து காட்டுனான், நான் ஒண்ணுமே பேசல.

தாழையூத்துக்காரன்:
கடையம் அண்ணே, இச்சிரோ வழியும் புஹோல்ஸ் வழியும் வேற வேற. எதுன்னு டீமு மார்ச்சுக்குள்ள முடிவெடுக்கணும். எனக்குக் கேட்டா ஏர்வாடி சொன்ன கணக்குதான் சரி: தோனி இம்பாக்ட் லிஸ்ட்டுல, 17வது ஓவருக்கு மேலதான் பேட்டிங், அதுக்கு முன்ன அஞ்சு விக்கெட் போனா கார்த்திக் சர்மாவோ பிரசாந்த் வீரோ போகட்டும், அவனுவளுக்கு ஏலத்துல ஆளுக்கு 14.20 கோடி குடுத்தது அந்த வேலக்குத்தான். கிளவுஸ் சஞ்சுகிட்ட, பீல்டு செட்டு ருதுராஜ்கிட்ட. தோனி டைம்-அவுட்ல தண்ணி பாட்டிலோட உள்ள வந்து பேசட்டும், ரெண்டர நிமிசம் கெடைக்கும், அவருக்கு அது போதும். போன மே 3 பெங்களூரு மேட்ச்ல மாத்ரே 48 பந்துல 94 அடிச்சி சேஸ கையில கொண்டுவந்து குடுத்தான், ரெண்டு ரன்னுல தோத்தோம். அந்த மாதிரி கடைசி ஓவருக்கு ஓடிக் களைக்காத ஒரு தோனி வந்தா அந்த ரெண்டு ரன்னு வந்திருக்கும்னு நான் நெனக்கேன்.

வள்ளியூர்_கீப்பர்:
ஒண்ணே ஒண்ணு குடுங்க. சேப்பாக்கத்துல பந்து திரும்புத பிட்ச்சா இருந்தா, நூர் போடும்போது, அந்த மேட்ச்சுல மட்டும் கிளவுஸ தோனிக்குக் குடுங்க. சஞ்சு நல்ல கீப்பர்தான், நான் கொற சொல்லல, ஆனா நூர அவரு இன்னும் பிடிச்சதே இல்ல. வெளியூர் மேட்ச்சு பூரா இம்பாக்ட்டா வச்சிக்கிடுங்க, நான் வாயத் தொறக்கல.

தாழையூத்துக்காரன்:
ஏழு மேட்ச்சுக்கு ஒரு கீப்பரு, ஏழு மேட்ச்சுக்கு இன்னொரு கீப்பருன்னா ரெண்டு பேருக்கும் கை செட்டாகாது, அது ஒமக்கே தெரியும்.

வள்ளியூர்_கீப்பர்:
தெரியும். இருந்தாலும் கேக்கேன். வலைப் பயிற்சில சஞ்சு நூர எடுக்கத நாலு நாள் பாத்துட்டு முடிவு செய்யுங்கன்னு சொல்லுதேன், அதுக்காவது சம்மதமா?

தாழையூத்துக்காரன்:
அதுக்கு சம்மதம். பயிற்சி கேம்ப் ஆரம்பிக்கட்டும், வீடியோ வந்த உடனே இங்கனயே போடுங்க, பாத்துட்டுப் பேசுவோம்.